ஏசி ஒழுகினால் முதலில் வெளியே போய்ப் பாருங்கள்

எங்கள் சொந்தபந்தத்தில் யார் வீட்டு ஏசி ஒழுகினாலும் போன் எனக்குத்தான் வரும். நான் மெக்கானிக் இல்லை. நாகர்கோவிலில் எங்கள் வீடு, குளச்சலில் அத்தை வீடு, குலசேகரம் பக்கம் தங்கை வீடு என்று மூன்று வீட்டு ஏசிகளோடும் சில வருடங்களாக மல்லுக்கட்டியதில் கிடைத்த அனுபவம்தான் என்னிடம் உண்டு. போன் வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "வெளியே ட்ரெயின் பைப்பில் தண்ணீர் சொட்டுதா, இல்லையா?" ஏசியில் சேரும் தண்ணீரை வெளியே விடும் அந்தப் பைப் எங்கே போய் முடிகிறது என்றே பலருக்கும் தெரிவதில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்வேன். அந்தப் பதிலிலேயே பிரச்சினை பெருமளவு பிடிபட்டுவிடும்.

ஏசியில் தண்ணீர் உண்டாவது கோளாறு இல்லை. உள்ளே தண்ணீர்த் தொட்டி எதுவும் கிடையாது. சொட்டுவது முழுவதும் நம் அறைக் காற்றில் ஆவியாக இருந்த ஈரம். சுவரில் மாட்டிய இன்டோர் யூனிட்டுக்குள் செம்புக் குழாயும் மெல்லிய அலுமினியத் தகடுகளும் சேர்ந்த கூலிங் காயில் இருக்கிறது. அறைக் காற்று அதன் ஊடே போகும்போது ஈரம் தகடுகளில் நீராகப் படிகிறது. அது கீழே உள்ள ட்ரேயில் வடிந்து, ஓரத்தில் இருக்கும் துவாரம் வழியாக ட்ரெயின் பைப்பில் இறங்கி வெளியே போகிறது. சாதாரண வீட்டு ஏசியில் இந்த வழியில் எங்கேயும் பம்பு இல்லை. சரிவை நம்பித்தான் தண்ணீர் இறங்குகிறது. வழியில் ஒரு அடைப்போ ஒரு மேடோ இருந்தால் போதும், ட்ரே நிரம்பித் தண்ணீர் அறைக்குள் வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நவீன ஏசி பிறந்ததே ஈரத்தை எடுப்பதற்காகத்தான். நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ண அச்சு பிசகிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் 1902இல் வடிவமைத்த ஏற்பாட்டிலிருந்து வளர்ந்ததுதான் இன்று நம் படுக்கையறையில் தொங்குகிறது. ஈரமான ஊரில் பைப் நன்றாகச் சொட்டினால் ஏசி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்று அர்த்தம்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டமோ ஈரத்துக்குப் பெயர் போனது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் இங்கே பெய்யும். அந்தத் தண்ணீரில்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலையும் ரப்பர் தோட்டமும். மழை இல்லாத பங்குனி, சித்திரையில்கூட இரவில் காற்று பிசுபிசுவென்றுதான் இருக்கும். 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றை எடுத்துக்கொண்டால், ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 23 கிராம் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கும். 12க்கு 10 அடி, உயரம் 10 அடி உள்ள அறை என்றால், அந்த அறையின் காற்றில் மட்டும் முக்கால் லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதில் ஒரு பகுதியை ஏசி எடுத்தாலும், கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கு வழியாகப் புது ஈரம் வந்துகொண்டே இருக்கும். ஈரமான இரவில் ஒரு டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடத் தண்ணீர் இறக்கும். உள்நாட்டு வறண்ட ஊரில் பாதி அடைத்த பைப்பே சமாளித்துவிடும். இங்கே அது நடக்காது. எங்கள் ஊர்ப் பக்கம் ஏசி வைத்திருப்பவர்கள், குழாய்க்குள் சுற்றிக் குளிர வைக்கும் கேஸைவிட ட்ரெயின் பைப்பைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மாடி அறையில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி. ஒரு மே மாத இரவு, ஏசிக்குக் கீழே சுவரோடு தண்ணீர் வழிந்து ஸ்டெபிலைசர் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. நம் வீடுகளில் ஸ்டெபிலைசரை ஏசிக்கு நேர் கீழேயோ ஒட்டினாற்போல் பக்கத்திலோ மாட்டிவிடுகிறார்கள். வயர் மிச்சம், பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். ஆனால் ஏசி ஒழுகினால் முதலில் நனைவது அதுதான். ஈரமான ஸ்டெபிலைசர் பக்கம் யாரையும் விடாமல், கீழே போய் ஏசிக்கான எம்.சி.பி.யை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் சுவிட்சை இறக்கினேன். இதை எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன்: ரிமோட்டில் அணைப்பது போதாது. ரிமோட்டில் அணைத்தாலும் ஏசிக்குள்ளும் ஸ்டெபிலைசருக்குள்ளும் மின்சாரம் இருக்கும். நனைந்த சுவிட்சைக் கையால் தொடவும் கூடாது. எம்.சி.பி.யை இறக்கிவிட்டு அப்புறம் துணி, பக்கெட் எல்லாம் எடுங்கள். ஸ்டெபிலைசரைப் பக்கவாட்டில் இரண்டு அடியாவது தள்ளி மாட்டச் சொல்லி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது, ஏசி ரிப்பேரை விடவும் முதலில் செய்ய வேண்டிய வேலை.

மறுநாள் ஒரு சர்வீஸ் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். பேனலைத் திறக்காமல், கீழே நின்று பார்த்துவிட்டே, "கேஸ் குறைஞ்சிருக்கு, ஃபுல்லா கேஸ் போடணும்" என்றார். எனக்கு அது பொருந்தவில்லை. முந்தின இரவு வரை அறை நன்றாகக் குளிர்ந்தது. காயிலில் ஐஸும் இல்லை. கேஸ் போடுவதற்கு ஆகும் செலவு பைப்பைச் சுத்தம் செய்வதைப்போலப் பல மடங்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வந்தவர் வயதான ஒரு மெக்கானிக் அண்ணன். வீட்டுக்குள் நுழையுமுன்பே பின்பக்கம் போய் ட்ரெயின் பைப்பின் நுனியைப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. "தண்ணி போற வழியப் பாக்காம கேஸப் பத்திப் பேசப்பிடாது தம்பி" என்றார். அப்புறம் எம்.சி.பி.யை இறக்கச் சொல்லி, முன் பேனலைத் தூக்கி, ஃபில்டரைக் கழற்றி, ஒரு பாட்டில் தண்ணீரைக் காயிலின் தகடுகள் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். என்னை வெளியே நின்று பார்க்கச் சொன்னார். ஒரு சொட்டு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ட்ரேயின் முன்விளிம்பு வழியாக அறைக்குள் வழிய ஆரம்பித்தது. அடைப்பு என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது.

இந்தச் சோதனையை யாரும் செய்யலாம். அரை லிட்டர் தண்ணீர் போதும். மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். ஏசிக்கு எதிரே நின்று பார்த்தால் மின் பலகை பெரும்பாலும் வலது ஓரத்தில் இருக்கும். அதனால் இடது பக்கமாகவோ நடுவிலோ, தகடுகளை ஒட்டி மெல்ல ஊற்றுங்கள். ஒரு ஆள் வெளியே நிற்கட்டும். ஊற்றிய தண்ணீர் ஓரிரு நிமிடத்தில் வெளியே தாராளமாக வந்தால் வழி சரி. முக்கி முக்கிச் சொட்டினால் பாதி அடைப்பு. வரவே இல்லை என்றால் முழு அடைப்பு.

எங்கள் பைப்பிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தபோது வயிற்றைப் பிரட்டியது. ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி வழவழவென்று ஒரு சளி. காற்றிலுள்ள தூசியும், ஈரத்தில் வளரும் நுண்ணுயிர்களும் சேர்ந்து ட்ரேயிலும் பைப்பிலும் இப்படிப் படிகின்றன. இருட்டு, ஈரம், சாப்பிடத் தூசி எல்லாம் அங்கே கிடைப்பதால் நம் ஊர் ஈரத்தில் இது சீக்கிரமாகவே வளரும். அண்ணன் பைப்பை ஏசியோடு சேரும் இடத்தில் கழற்றி, உள்பக்கமிருந்து வெளிப்பக்கம் நோக்கிப் புளோயரால் ஊதினார். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினார். வெளி நுனியிலிருந்து உள்ளே ஊதினால் அத்தனை அழுக்கும் திரும்ப ட்ரேக்கே போகும் என்று சொன்னார். வெளியிலிருந்து செய்வதென்றால் உறிஞ்சத்தான் வேண்டும். ஈரத்தையும் இழுக்கும் வேக்குவம் கிளீனர் இருந்தால், பைப் நுனியில் துணியைச் சுற்றி இறுக்கிப் பிடித்து உறிஞ்சலாம். ஆசிட், பிளீச்சிங், கழிப்பறை கழுவும் திரவம் எதையும் ஊற்றாதீர்கள். அலுமினியத் தகடுகளையும் செம்புக் குழாயையும் அவை அரித்துவிடும். கொதிக்கிற தண்ணீரும் வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.

அடைப்பை எடுத்த பிறகு அண்ணன் பைப் போகும் பாதையைக் காட்டினார். சுவரிலிருந்து வெளியே வந்த நெளிவு பைப் ஒரு இடத்தில் தொங்கி, பிறகு மேலேறி, அப்புறம் இறங்கியது. தொங்கும் இடத்தில் தண்ணீர் எப்போதும் தேங்கிக் கிடக்கும். தூசி அங்கேதான் படியும், சளி அங்கேதான் பிடிக்கும். அந்த நெளிவு பைப்பை வெட்டி எடுத்துவிட்டு, முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப் போட்டு, இடைவிடாமல் கிளாம்ப் அடித்து, நேராக இறக்கினார். படுக்கைவாட்டில் போகும் இடத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். அதிகம் இருந்தால் இன்னும் நல்லது. பைப்பின் நுனி பக்கெட் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கவும் கூடாது. நுனி மூழ்கினால் பைப்புக்குள் இருக்கும் காற்று வெளியேற வழியின்றித் தண்ணீரைத் தடுக்கும். பக்கெட்டில் பிடிப்பவர்கள் நுனியை விளிம்புக்கு மேலே நிறுத்திக் கட்டிவிடுங்கள்.

சர்வீஸ் செய்த மறுநாளே ஒழுகுகிறது என்று சிலர் சொல்வார்கள். அதற்கு எனக்குத் தெரிந்து இரண்டு காரணங்கள் அடிக்கடி வருகின்றன. ஜெட் பம்பில் காயிலைக் கழுவும்போது பெயர்ந்த அழுக்கு ட்ரேயின் துவாரத்தில் போய் உட்கார்ந்துகொள்வது ஒன்று. இன்னொன்று ரப்பர் அடைப்பான். பல ஏசிகளின் ட்ரேயில் இடது, வலது இரு பக்கமும் தண்ணீர்த் துவாரம் இருக்கும். நம் வசதிக்கு ஒன்றில் பைப்பை மாட்டிவிட்டு மற்றதை ரப்பர் அடைப்பானால் மூடுவார்கள். ட்ரேயைக் கழற்றிக் கழுவியவர் அதைத் திரும்ப அழுத்தி மாட்டாவிட்டால் அந்தப் பக்கம் தாராளமாக ஒழுகும். அதனால் சர்வீஸ் முடிந்ததும், ஆள் கிளம்புவதற்குள், மேலே சொன்ன பாட்டில் சோதனையை அவரையே செய்யச் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் கோபிக்க மாட்டார்.

யூனிட்டின் மட்டத்தையும் பார்க்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை ஏசியின் மேல் வைத்தால் தெரிந்துவிடும். மட்டமாக இருக்கலாம், அல்லது ட்ரெயின் துவாரம் உள்ள பக்கம் ஒரு நூல் தாழ்ந்திருக்கலாம். எதிர்ப்பக்கம் தாழ்ந்தாலோ, பின்தகட்டின் ஸ்க்ரூ தளர்ந்து முன்பக்கம் சாய்ந்தாலோ, பைப் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒழுகும்.

குளச்சல் அத்தை வீட்டில் நடந்தது வேறு வகை. அத்தை போனில் சொன்னது இதுதான்: "ஏசிக்க உள்ள ஐஸா கெடக்கு மக்களே, ஆஃப் பண்ணினா வெள்ளமா ஊத்துது." இந்த ஒரு வரியில் நோய் முழுவதும் இருக்கிறது. ஓடும்போது அதிகம் ஒழுகாமல், அணைத்த பிறகு கொட்டினால், காயிலில் ஐஸ் கட்டி அது உருகுகிறது என்று பொருள். உருகும் தண்ணீர் மொத்தமாக இறங்குவதால் ட்ரே தாங்காது. ஐஸ் ஒரு பக்கமாகக் கட்டினால் தண்ணீர் ட்ரேக்கு வெளியேயும் சொட்டும்.

ஐஸ் கட்டுவதற்கு இரண்டு பெரிய காரணங்கள். ஃபில்டர், காயில், ஏசிக்குள் காற்றைத் தள்ளும் புளோயர் ஆகியவை அழுக்கேறிக் காற்றோட்டம் குறைவது முதலாவது. காற்று போதாமல் போனால் காயில் மிதமிஞ்சிக் குளிர்ந்து, படியும் நீர் ஐஸாகிவிடும். இதைச் சரிசெய்யக் காசே வேண்டாம். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழாய்த் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்து மாட்டினால் போதும். அத்தை வீட்டில் ஃபில்டர் பளிச்சென்று இருந்தது. அவர் அதில் கறாரானவர். அப்படியென்றால் இரண்டாவது காரணம்தான்: கேஸ் குறைவு.

இங்கே எல்லோரும் ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏசி கேஸ் பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்ந்துபோக. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும். ஒழுங்காக மாட்டிய ஏசியில் ஆயுள் முழுக்க அதே கேஸ்தான். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் மேலே மேலே கேஸ் போட்டால், அடுத்த கோடைக்கு முன் அதுவும் போய்விடும், திரும்ப ஐஸ், திரும்ப வெள்ளம்.

அத்தை வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே தென்னைகளும் ஒரு தெருவும்தான். ஆனி, ஆடியில் கடற்காற்று உப்பை அள்ளிக்கொண்டு வந்து மொட்டை மாடியில் அடிக்கும். அவுட்டோர் யூனிட் கடலைப் பார்த்தே வைக்கப்பட்டிருந்தது. தகடுகள் வெள்ளையாய்ப் பூத்து, தொட்டால் பொடியாய் உதிர்ந்தன. மெக்கானிக் அண்ணன் சோப்பு நுரையை இணைப்புகளிலும் வளைவுகளிலும் தடவிப் பார்த்தார். அவுட்டோர் காயிலின் ஒரு வளைவில் குமிழ் வந்தது. செம்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அரிப்பு வேகமாகும். ஓட்டையை அடைத்து, நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் குறைகிறதா என்று காத்திருந்து பார்த்து, குழாய்க்குள் இருப்பதையெல்லாம் பம்பால் உறிஞ்சி வேக்குவம் போட்டு, அதன் பிறகே கேஸ் ஏற்றினார். அதையும் தராசில் வைத்து எடை போட்டு ஏற்றினார். எத்தனை கிராம் என்பது அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் அச்சடித்திருக்கும். இப்போது வரும் பல ஏசிகளில் ஆர் 32 கேஸ் இருக்கிறது. அது ஓரளவு தீப்பிடிக்கக்கூடியது என்பதால், பழக்கமில்லாதவரை வைத்துக் குழாயில் நெருப்பு வைக்கவே கூடாது.

அவுட்டோர் யூனிட்டை வீட்டின் மறுபக்கம், காற்று நேராக அடிக்காத சுவருக்கு மாற்றினோம். மாதம் ஒரு முறை, எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லிய வேகத்தில் பீய்ச்சி உப்பைக் கழுவச் சொன்னேன். முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல், தேங்காப்பட்டணம் என்று கரையோரம் இருப்பவர்கள் இதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். காயிலில் கட்டிய ஐஸைக் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ குத்தி எடுக்க நினைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு குத்தில் காயில் ஓட்டையாகிவிடும். கூலிங்கை நிறுத்தி, ஃபேன் மோடில் ஓடவிட்டால் தானாக உருகும். கீழே ஒரு பழைய துண்டையும் பக்கெட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை குடும்பம் ஷார்ஜாவில் இருக்கிறது. குலசேகரம் வீடு வருடத்தில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். எங்கள் மாவட்டத்தில், அதுவும் மேற்குப் பக்கம், இப்படிப் பூட்டிய வீடுகள் ஏராளம். விடுமுறைக்கு வந்து இறங்கிய அன்றே ஏசியைப் போடுவார்கள், அன்றே ஒழுகும். தங்கை வீட்டில் பைப் நுனியைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. ஆள் இல்லாத வீட்டில் காய்ந்த பைப்பைவிட வசதியான கூடு குளவிக்கு ஏது? மண்ணைக் குடைந்து எடுத்ததும் தண்ணீர் ஓடியது. ஊருக்குத் திரும்பும்போது பைப் நுனியில் கொசுவலைத் துண்டு கட்டிவிட்டுப் போங்கள். வந்ததும் மறக்காமல் அவிழ்த்துவிட வேண்டும், ஓடும்போது நெருக்கமான வலையில் சளி பிடித்து அதுவே அடைப்பாகும். சாவி வைத்திருக்கும் சொந்தக்காரரை மாதம் ஒரு முறை ஏசியை அரை மணி நேரம் ஓடவிட்டு, வெளியே சொட்டுகிறதா என்று பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது.

அந்த வீட்டில் அதோடு முடியவில்லை. அடைப்பு நீங்கிய பிறகும் சில நாள் சுவரில் ஈரம் தெரிந்தது. தங்கை கவனித்துச் சொன்ன ஒரு விஷயம்தான் வழி காட்டியது: "அண்ணா, ஏசி போடாத அன்னைக்கும் நனையுது. மழை பெய்தா மட்டும்தான்." குழாய்கள் வெளியே போக சுவரில் துளைத்த ஓட்டை, உள்பக்கம் தாழ்வாகவும் வெளிப்பக்கம் உயரமாகவும் இருந்தது. அதைச் சுற்றி அடைத்த சிமெண்டும் விட்டிருந்தது. மலையோரச் சாரல் பக்கவாட்டில் அடிக்கும்போது தண்ணீர் குழாயோடு வழிந்து நேராக அறைக்குள் வந்தது. ஏசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஓட்டையை வெளிச்சரிவாகத் திருத்தி, இடைவெளியை அடைத்து, வெளியே குழாய்களைச் சுவருக்குள் நுழையும் முன் கொஞ்சம் தாழ வளைத்துவிட்டோம். தாழ்ந்த வளைவில் மழைத்தண்ணீர் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. அந்த ஓட்டையை அடைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. அது வழியாக வெளியின் ஈரக் காற்று ஏசியின் முதுகுக்குப் பின்னால் புகுந்து வியர்க்க வைப்பதும் நிற்கும்.

ஆக, எங்கே ஒழுகுகிறது, எப்போது ஒழுகுகிறது என்ற இரண்டையும் கவனித்து மெக்கானிக்கிடம் சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். போட்டுக் கொஞ்ச நேரத்தில் முன்பக்க விளிம்பில் சொட்டினால் பெரும்பாலும் அடைப்பு அல்லது சாய்வு. அணைத்த பிறகு கொட்டினால் ஐஸ். பின்பக்கச் சுவரோடு வழிந்தால் பைப் இணைப்பு விட்டிருக்கலாம், அல்லது செம்புக் குழாயைச் சுற்றிய இன்சுலேஷன் கிழிந்து குழாய் வியர்க்கலாம். காற்றோடு சேர்த்துச் சிறு துளிகளைத் துப்பினால் புளோயரும் காயிலும் அழுக்கு. மழையில் மட்டும் என்றால் சுவர் ஓட்டை.

எதுவுமே கெடாமல் சொட்டுவதும் உண்டு. அப்பாவின் அறையில் அப்படித்தான். அவருக்குக் கதவைச் சாத்தினால் மூச்சு முட்டுவது போல இருக்கும். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு 18இல் ஏசியை ஓடவிடுவார். 30 டிகிரியும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, 25 டிகிரி உள்ள எதைத் தொட்டாலும் நீராகப் படிய ஆரம்பிக்கும். ஏசியின் முன்பக்க இறக்கைகள் அதைவிடவும் குளிர்ச்சியாக இருப்பதால் வெளியிலிருந்து வரும் காற்று அதில் முத்து முத்தாகப் படிந்து, தாத்தா காலத்து அயினி மரக் கட்டிலின் மேல் சொட்டியது. அவரிடம் மெதுவாகப் பேசி, கதவைச் சாத்தி, ஜன்னலின் ஒரு கதவை மட்டும் விரல் அகலம் திறந்து, 25இல் வைத்து, மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் சுற்றவிட்டோம். இறக்கைகளைக் கீழ்நோக்கி முழுவதும் வளைக்காமல் நேராக வைத்தோம். சொட்டுவது நின்றது, அப்பாவும் நிம்மதியாகத் தூங்கினார். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் (பி.இ.இ.) 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற வீட்டு ஏசிகள் 24 டிகிரியிலேயே தொடங்கும்படி விதி வைத்திருக்கிறது. மின்சாரத்துக்காக வந்த விதி அது, ஆனால் எங்களைப் போன்ற ஈர ஊர்க்காரர்களுக்கு வியர்வைத் தொல்லையையும் குறைக்கிறது.

வெளியே வருகிற தண்ணீரை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம், செடிக்கு விடலாம். உப்பு இல்லாத தண்ணீர் என்பதால் துடைத்த தரையில் வெள்ளைத் திட்டு விழாது. ஆனால் குடிக்கவோ சமைக்கவோ கூடாது, அது காயிலையும் சளி படிந்த ட்ரேயையும் கடந்து வந்தது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதையும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். காயிலின் செம்பு, அலுமினியத் துகள்களும் தூசியும் அதில் கலந்திருக்கும், பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீருக்கு ஆகும் சிறு தொகையை மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை. இன்னொன்று, பக்கெட்டை வாரக்கணக்கில் அப்படியே விடாதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். நாங்கள் தினமும் காலையில் காலி செய்து, உட்பக்கத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைக்கிறோம்.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஏசி குழாய்களைச் சுவருக்குள் புதைப்பது இப்போது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் செம்புக் குழாய்க்குக் கொடுக்கும் கவனத்தை ட்ரெயின் பைப்புக்கு யாரும் கொடுப்பதில்லை. சுவருக்குள் போகிற பைப் ஒரு இஞ்ச் பி.வி.சி.யாக இருக்கட்டும். முழு நீளத்துக்கும் சரிவு இருக்கட்டும். வளைவுகளைக் குறையுங்கள். கழிவுநீர்க் குழாயோடு நேராகச் சேர்க்காதீர்கள், நாற்றமும் கரப்பானும் அது வழியாகப் படுக்கையறைக்கு வரும். குளிர்ந்த தண்ணீர் போவதால் புதைக்கும் பைப்புக்கும் இன்சுலேஷன் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் சுவருக்குள்ளேயே வியர்த்துப் பெயிண்ட் குமிழும்.

தக்கலையில் என் சித்தப்பா மகன் வீடு கட்டியபோது, பூச்சு வேலைக்கு முந்தின நாள் இருவரும் போய் ஒவ்வொரு பைப்பிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். இரண்டு அறைகளில் தண்ணீர் சரசரவென்று இறங்கியது. மூன்றாவதில் பாதிதான் வெளியே வந்தது, மீதி நடுவில் நின்றுவிட்டது. பிளம்பரைக் கூப்பிட்டு ரசமட்டம் வைத்துக் காட்டினோம். அவரும் ஒத்துக்கொண்டு, அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பைப்பை எடுத்து மறுபடி சரிவு பிடித்துப் போட்டுவிட்டு, எங்கள் கண்ணெதிரே அவரே ஒரு குடம் ஊற்றிக் காட்டிவிட்டுத்தான் போனார். மறுநாள் கொத்தனார் பூச ஆரம்பித்தார்.